கெரேரோவைத் தடைக் கதையோடு மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு

2017இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடை வாங்கிய பெரு நாட்டுக் கால்பந்து ஸ்ட்ரைக்கர் பாவ்லோ கெரேரோ என்றதும் இரண்டு கட்சிகள் எழுந்துவிடுகின்றன. ஒன்று, "கொக்கைன் கேஸ்ல மாட்டுனவர்தானே" என்கிற கட்சி. இன்னொன்று, "பாவம், ஒரு கப் டீக்காக அநியாயமாகத் தண்டித்தார்கள்" என்கிற கட்சி. வழக்கின் தேதிகளையும் விதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்காது. என் கணக்கில் அந்த வழக்கைக் கெடுத்தது, அவருக்குக் கருணை காட்டியதாக எல்லோரும் நினைக்கும் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுதான்.

அதற்கு முன் ஆட்டக்காரரைப் பார்த்துவிடலாம். 1984 ஜனவரி 1 அன்று லிமாவில் பிறந்தவர். அந்த ஊர்க் கிளப்பான அலியான்சா லிமாவின் இளையோர் அணியில் வளர்ந்து, அதன் சீனியர் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2002இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப்புக்குப் போனார். 2006 முதல் 2012 வரை ஹாம்பர்க். ஜெர்மனிக் காலத்தைப் பெரிதாகக் கொண்டாட என்னால் முடியாது. கோல்களோடு சேர்த்து, 2010இல் ரசிகர் மீது பாட்டிலை வீசியது, 2012இல் ஸ்டுட்கார்ட் கோல்கீப்பர் உல்ரைக்கைக் கார்னர் கொடி அருகே சாய்த்து 8 ஆட்டத் தடை வாங்கியது என்று ஆத்திரக் கணக்கும் நீளம். விமானப் பயத்தால் ஒருமுறை பெருவிலிருந்து திரும்பத் தாமதித்ததைக் கேலி செய்தார்கள். 1987இல் அலியான்சா அணியோடு கடலில் விழுந்த விமானத்தில் இறந்த கோல்கீப்பர் கொன்சாலெஸ் கனோசா அவருடைய மாமா என்பது கேலி செய்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரேசிலுக்கு வந்த பிறகுதான் அவர் முழு ஸ்ட்ரைக்கர் ஆனார். 2012 டிசம்பர், ஜப்பானில் கிளப் உலகக் கோப்பை. அவர் ஆடிய பிரேசில் கிளப் கொரிந்தியன்ஸ் அரையிறுதியில் எகிப்தின் அல் அஹ்லியை 1-0, யோகோஹாமா இறுதியில் இங்கிலாந்தின் செல்சியை 1-0 என்று வென்றது. இரண்டு கோலும் கெரேரோ, இரண்டும் தலையால். இறுதி ஆட்டத்தின் 69ஆவது நிமிடக் கோலைத் தேடிப் பாருங்கள். டேனிலோ அடித்த பந்து தடுக்கப்பட்டு மேலே எழும்புகிறது, செல்சி கோல்கீப்பர் செக் இடம் விட்டு வந்துவிட்டார். சாதாரண ஃபார்வர்டு அந்த இடத்தில் பந்தை நோக்கி ஓடி, அது விழும் முன்பே அதன் அடியில் போய் நின்றுவிடுவார். பின்னால் சாய்ந்து தட்டினால் பந்து பாருக்கு மேலே போகும். கெரேரோ அரை அடி தாமதிக்கிறார். அதனால் பந்து நெற்றிக்கு வருகிறது, கீழ்நோக்கிப் போகிறது. வேகம் இல்லாத ஆட்டக்காரர் 41 வயதிலும் முதல் டிவிஷனில் ஆட முடிந்தது இந்த அரை அடியால்தான்.

கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து எடை போட்டால் பெரு ஸ்ட்ரைக்கர்களில் கிளாவ்தியோ பிசாரோதான் முதல். ஜெர்மன் லீக்கான பண்டஸ்லீகாவில் 197 கோல்கள், பேயர்னோடு 6 லீக் பட்டங்கள். ஆனால் பெரு சட்டையில் அவருக்கு 20 கோல்தான், உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றுகூட இல்லை. பெருவின் எல்லாக் கால அதிக கோல்காரர் கெரேரோ. தென் அமெரிக்க நாடுகளின் தொடரான கோபா அமெரிக்காவில் 2011இல் 5 கோல், 2015இல் 4 கோல். முதல் தடவை வெனிசுலாவுக்கு எதிராகவும் இரண்டாம் தடவை பொலிவியாவுக்கு எதிராகவும் ஹாட்ரிக். இரண்டு தொடரிலும் அவரைவிட அதிகம் அடித்தவர் இல்லை.

ரிகார்தோ கரேக்கா பயிற்றுவித்த பெரு அணியில் அவர் வேலை முதலில் கோல் அடிப்பது அல்ல, கோலுக்கு முதுகு காட்டி நிற்பது. பின்னாலிருந்து வரும் உயரப் பந்தை மார்பில் வாங்கி, இடுப்பால் டிஃபெண்டரைத் தள்ளி நிறுத்தி, சக ஆட்டக்காரர்கள் குவேவாவும் கரியோவும் ஓடி வர இரண்டு விநாடி வாங்கித் தருவது. அவர் இல்லாத நாளில் பந்து முன்னே போன வேகத்திலேயே திரும்பி வரும்.

இப்போது 2017 அக்டோபர், 2018 உலகக் கோப்பைக்கான தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றின் கடைசி இரண்டு ஆட்டங்கள். 5ஆம் தேதி புவெனஸ் அயர்ஸின் பொம்பொனேரா மைதானத்தில் அர்ஜென்டினாவோடு 0-0. ஆட்டம் முடிந்து கெரேரோவின் சிறுநீர் மாதிரி எடுக்கிறார்கள். 10ஆம் தேதி லிமாவில் கொலம்பியா 1-0 என்று முன்னணியில் இருக்கிறது. அப்படியே முடிந்தால் பெருவுக்கு 25 புள்ளி, சிலிக்கு 26. பெரு வெளியே. 76ஆவது நிமிடம் பெருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். நடுவர் கை மேலே இருக்கிறது, அதாவது இன்டைரக்ட். நேராக அடித்துப் பந்து யார் மேலும் படாமல் உள்ளே போனால் கோல் இல்லை, கோல் கிக். கெரேரோ நேராகவே அடித்தார். கொலம்பியா கோல்கீப்பர் ஒஸ்பினா பேசாமல் விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கையை நீட்டினார், பந்து விரலில் பட்டது, கோல் செல்லும். 1-1. கோல் வித்தியாசத்தில் சிலியைத் தாண்டி பெரு பிளே-ஆஃப் போனது. (அதே தகுதிச் சுற்றில் முன்பு பொலிவியா தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியதாகச் சிலி புகார் செய்து 2 புள்ளி வாங்க, அதே தீர்ப்பால் பெருவுக்கு 3 புள்ளி கிடைத்தது தனிக் கூத்து.)

அந்தக் கோல் விழுந்தபோது அவருடைய மாதிரி ஆய்வகம் போயிருந்தது. உள்ளே இருந்தது பென்சாயில்எக்கோனின். கொக்கைன் உடலில் சிதையும்போது வரும் பொருள். கோகா இலைத் தேநீர் குடித்தாலும் அதே பொருள் வரும். லிமாவில் அணியின் விடுதியில் கொடுத்த தேநீரில் கோகா கலந்திருந்தது என்பது கெரேரோ தரப்பு வாதம். யுய்யாயாக்கோ எரிமலை உச்சியில் 1999இல் கிடைத்த, சுமார் 500 ஆண்டு பழைய இன்கா குழந்தைகளின் உடல்களிலும் இது இருந்தது என்பதைக்கூட முன்வைத்தார்கள். ஆண்டீஸ் மண்ணில் கோகா அவ்வளவு சாதாரணம்.

விதி அன்று என்ன சொன்னது? உடலில் எது நுழைந்தாலும் பொறுப்பு ஆட்டக்காரருடையது. வேண்டுமென்றே எடுத்திருந்தால் 4 ஆண்டு, இல்லையென்றால் 2. பெரிய தவறு இல்லை என்று காட்டினால் அந்த 2 பாதியாகலாம். அதற்கும் கீழே இறங்க வாசல் மிகக் குறுகல். ஃபிஃபா ஒழுங்குக் குழு 2017 டிசம்பரில் சரியாக 1 ஆண்டு கொடுத்தது. சில நாளிலேயே மேல்முறையீட்டுக் குழு அதை 6 மாதமாக வெட்டியது. நாடே கொண்டாடியது. ஆனால் அந்த 6 மாதம் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பைச் சும்மா இருக்க விடாது என்று விதியைப் படித்தவர்களுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். அது விளையாட்டு நடுவர் நீதிமன்றம் போனது. 2018 மே 14, தடை 14 மாதம். ஆட்டத்திறனுக்காக எடுக்கவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றது. பெரிதாக இல்லாவிட்டாலும் கொஞ்சம் தவறு உண்டு, அவர் கவனமாக இருந்திருக்கலாம் என்றது.

உலகக் கோப்பைக்கு ஒரு மாதம். குழுவில் எதிரணிகளின் கேப்டன்கள் பிரான்சின் லோரிஸ், டென்மார்க்கின் கேயர், ஆஸ்திரேலியாவின் ஜெடினாக் மூவரும் அவரை ஆடவிடச் சொல்லி ஃபிஃபாவுக்கு எழுதினார்கள். மே 31 அன்று சுவிஸ் உச்ச நீதிமன்றம் தடையை நிறுத்தி வைத்தது. கவனியுங்கள், ரத்து அல்ல, நிறுத்தி வைப்பு. அந்த நாட்களைப் பிறகு கழித்துத்தான் ஆக வேண்டும். 1 ஆண்டுத் தடை அப்படியே நின்றிருந்தால் 2018 நவம்பரில் கணக்கு தீர்ந்திருக்கும். ஏற்கெனவே கழித்த 6 மாதம் போக மீதி 8, நடுவில் உலகக் கோப்பை இடைவெளி என்று அது 2019 ஏப்ரல் வரை இழுத்தது. பிரேசிலின் இன்டர்நாசியோனல் கிளப் அவரோடு ஒப்பந்தம் போட்ட அதே ஆகஸ்டில் தடை திரும்பி வந்தது.

அந்த இடைவெளியில் கிடைத்தது மூன்று உலகக் கோப்பை ஆட்டம். டென்மார்க்கோடு கரேக்கா அவரைப் பெஞ்சில் வைத்தார். ஜூன் 3 அன்று நட்பு ஆட்டத்தில் சவுதி அரேபியாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவரை உட்காரவைத்தது தவறு என்றே இன்றும் சொல்வேன். ஒரு கோல் பின்தங்கிய பிறகு இறங்கி, குதிகாலால் தட்டிய பந்து போஸ்டை ஒட்டி வெளியே போனது. பிரான்சிடமும் 0-1. சோச்சியில் ஆஸ்திரேலியாவை 2-0 வென்றபோது இரண்டாவது கோல் அவருடையது. 36 ஆண்டு கழித்து உலகக் கோப்பைக்கு வந்த நாடு, இரண்டே கோலோடு வீடு திரும்பியது.

2021 முதல் விதி மாறிவிட்டது. போட்டி நேரத்துக்கு வெளியே, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் கொக்கைன் எடுத்ததாக நிரூபித்தால் 3 மாதம், சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் 1 மாதமாகவும் குறையலாம். போதைக்காக எடுத்தேன் என்பவருக்கு 3 மாதம், தேநீர் குடித்தேன் என்றவருக்கு 14 மாதம். காலம்தான் வேறு என்றாலும் உறுத்துகிறது.

தடை முடிந்து இரண்டே மாதத்தில் 2019 கோபா அமெரிக்காவில் 3 கோல் அடித்தார். மரக்கானா இறுதியில் பெரு 1-3 தோற்றது. அந்தத் தொடர் முழுக்கப் பிரேசில் வாங்கிய ஒரே கோல், அன்று பிரேசில் கோல்கீப்பர் அலிசனுக்கு எதிராக அவர் அடித்த பெனால்ட்டி. 2023இல் ஈக்வடாரின் கீட்டோ எல்.டி.யு அணியோடு தென் அமெரிக்கக் கிளப் கோப்பையான கோபா சுதமெரிக்கானா வென்றார். 2024இல் செசார் வாயெகோ அணிக்கு ஆடியபோதுதான், 40 வயதில், சொந்த நாட்டு லீக்கில் முதல் ஆட்டம். அதே ஆண்டு அலியான்சாவுக்குத் திரும்பினார். "திரும்பினார்" என்று பத்திரிகைகள் எழுதினாலும் அந்தச் சட்டையில் சீனியர் ஆட்டம் அவருக்கு அதுதான் முதல்.