வெள்ளிக்கிழமைக்குள் ஒரு புரொபோசல்

"வெள்ளிக்கிழமைக்குள்ள டிபார்ட்மென்ட்டுக்கு ரெண்டு புரொபோசல் போயாகணுமுங்க." கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இந்த வசனம் மனப்பாடமாக இருக்கும். புரொபோசல் என்றால் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு அனுப்புகிற விண்ணப்பம். திங்கட்கிழமை சுற்றறிக்கை வரும். வெள்ளிக்கிழமை கணக்குக் காட்ட வேண்டும். நடுவில் வகுப்பு, லேப், இன்டர்னல் தாள் திருத்துவது, அட்மிஷனுக்காகப் பள்ளி பள்ளியாகப் போய் வருவது எதுவும் குறையாது. இதற்கிடையில் மூன்று வருட ஆராய்ச்சியை யோசித்து, திட்டம் போட்டு, பட்ஜெட் கட்டி அனுப்பிவிட வேண்டும். வயிறு எரிகிறது. ஆராய்ச்சியை வளர்க்கிறோம் என்ற பெயரில் அதன் கழுத்தை நெரிக்கிறார்கள்.

கேட்டால் கல்லூரிக்குத் தரம் கொடுக்கிற நாக் வருகிறது, தரவரிசை போடுகிற என்ஐஆர்எஃப் வருகிறது என்பார்கள். அந்தப் படிவங்களை ஒரு தடவையாவது பொறுமையாகப் படியுங்கள். அவர்கள் கேட்பது கிடைத்த ஆராய்ச்சி நிதி எவ்வளவு என்று. எத்தனை விண்ணப்பம் அனுப்பினீர்கள் என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. அப்படியிருக்க யாரைத் திருப்திப்படுத்த இந்த எண்ணிக்கை? மேலாண்மைக் கூட்டத்தில் ஒரு ஸ்லைடு போடுவதற்காக, முப்பது பேரின் தூக்கத்தைக் கெடுத்து, முப்பது அரைகுறை விண்ணப்பங்களை டெல்லிக்கு அனுப்புகிறார்கள்.

இதில் என்ன போகிறது என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த இளம் ஆசிரியை ஒருவர். சொந்த ஊர் நொய்யல் ஆற்றங்கரை, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த அந்த அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி நின்று என்ன ஆனது என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்று ஆனது. அதெல்லாம் சரி. ஏற்கனவே மண்ணுக்குள் இறங்கிய உப்பு என்ன ஆனது? அந்த ஆசிரியை கேட்டது அதைத்தான். தன் ஊர்க் கிணறுகளில், மழைக்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒரு தடவை என்று மாணவர்களைக் கூட்டிப் போய் தண்ணீர் எடுத்து, கரைந்திருக்கும் உப்பின் அளவான டிடிஎஸ்ஸும் சோடியமும் அளந்து வருடக்கணக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். கிணற்றின் ஆழம், எந்தக் காட்டுக்கு, அதாவது எந்த வயலுக்குப் பாய்கிறது, அங்கே என்ன வெள்ளாமை, எல்லாம் அதில் இருந்தது.

சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டால் மண் இறுகிவிடும், தண்ணீர் கீழே இறங்காது, வெறும் மழை அதைக் கழுவிக்கொண்டு போகாது. ஜிப்சம் போட்டு, அதிலிருக்கும் கால்சியத்தை வைத்துச் சோடியத்தை வெளியே தள்ள வேண்டும். எந்தக் காட்டுக்கு எவ்வளவு, அப்புறம் கழுவி இறக்க நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பதுதான் அங்கே விவசாயிகள் அவரிடம் கேட்கிற கேள்வி. "எவ்வளவு போடறதுங்கம்மா?" இதைவிட நேரான ஆராய்ச்சிக் கேள்வி எங்கே கிடைக்கும்?

அவர் எழுதிக் கொடுத்த முதல் பக்கத்தை நான் பார்த்தேன். முதல் வரியே, சாயப்பட்டறைக் கழிவு நின்ற பிறகும் இந்தக் கிணறுகளில் உப்பு குறையாமல் இருப்பது ஏன் என்று ஆரம்பித்தது. இரண்டே நோக்கங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆற்றின் மேல்பகுதியில், ஆலாந்துறைப் பக்கம், சாயம் எட்டாத கிணறுகள். படித்து முடித்ததும் இது தேறும் என்று எனக்குத் தோன்றியது.

அது மேலே போய்த் திரும்பி வந்தபோது அடையாளமே தெரியவில்லை. "இந்தியா ஒரு விவசாய நாடு, பெருகி வரும் மக்கள்தொகைக்கு ஏற்ப" என்று தொடக்கம். நானோ சேர்த்தால்தான் எடுபடும் என்று நானோ துகள் வந்து உட்கார்ந்துவிட்டது. அது போதாதென்று செயற்கை நுண்ணறிவு. இரண்டு நோக்கங்கள் ஏழாகிவிட்டன. கிணற்றுக் கணக்கு முழுவதையும் எடுத்துவிட்டார்கள், "லோக்கல் டேட்டாவுக்கு மதிப்பு இருக்காதும்மா" என்று. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் ஒரே ஒரு கருவி, கல்லூரி ரொம்ப நாளாக வாங்க நினைத்துக்கொண்டிருந்தது. முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர். அந்தப் பெண் இரண்டாவது ஆள்.

நிராகரித்துவிட்டார்கள். மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பில் இருந்தது இதுதான்: நோக்கங்கள் அளவுக்கு மீறியவை, முன்னோட்டத் தரவு எதுவும் இல்லை. முன்னோட்டத் தரவு இல்லையாம்! கையில் இருந்த நோட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அனுப்பினால் அவர் வேறு என்ன எழுதுவார்? அவர் மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை.

இந்த விண்ணப்பங்களை யார், எப்படிப் படிக்கிறார்கள் என்று நம் ஆட்கள் யோசிப்பதே கிடையாது. நம் துறையை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர் ஓரிருவர்தான் முழுதாகப் படிப்பார்கள். குழுவில் மற்றவர்களுக்கு அது பக்கத்துத் துறை. கட்டுக்கட்டாக விண்ணப்பங்கள் முன்னால் கிடக்க, சுருக்கத்தையும் முதல் பக்கத்தையும் பார்த்துத்தான் ஒரு எண்ணத்துக்கு வருவார்கள். என்ன கேள்வி, ஏன் இப்போது, ஏன் இந்த இடத்தில், இதைச் செய்ய இவரிடம் என்ன இருக்கிறது என்ற நான்கும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தாக வேண்டும். நீளவாட்டு நூலான பாவைச் சரியாக ஓட்டாமல் தறியில் ஏற்றினால், குறுக்கே எவ்வளவு நல்ல ஊடை போட்டாலும் துணி தேறாது என்று நெசவு ஊரான சென்னிமலைக்காரருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கேள்வி சரியில்லாத விண்ணப்பமும் அப்படித்தான்.

செய்முறையிலும் மழுப்பல். "மண் மாதிரிகள் சேகரிக்கப்பட்டு ஆய்வு செய்யப்படும்" என்று ஒரு வரி. எத்தனை மாதிரி, எந்த ஆழம், எந்த மாதம், முதல் முயற்சி பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன? படிப்பவர் இதைத்தான் தேடுவார். நொய்யலின் தலைப்பகுதிக்கு மழை தென்மேற்குப் பருவத்தில், கீழ்ப்பகுதிக்குப் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில். மாதிரி எடுக்கும் மாதத்தை இதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். ஊர்க்காரப் பெண்ணுக்கு அது கைவந்த விஷயம். அதை எழுத விடவில்லை.

அப்புறம் அந்தக் கருவி. இங்கே கோயம்புத்தூரிலேயே வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரா இருக்கிறது. நாடு முழுக்க எந்தக் கருவி எங்கே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஐ-ஸ்டெம் என்ற இணையதளத்தில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி அளந்துகொள்வோம் என்று எழுதினால் பட்ஜெட் நம்பும்படி இருக்கும். மிச்சமாகும் பணத்தில் வயல் செலவு பார்க்கலாம். ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கும் ஒரு மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். அந்தப் பணத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளை மூன்று வருடம் நிம்மதியாக ஆராய்ச்சி செய்யும். ஏசி அறையில் உறை போட்டு மூடி வைக்கிற இயந்திரத்துக்காக அதை வெட்டுகிறார்கள். இதை நினைத்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

தெளிவான கேள்வியின் பலத்தைக் காட்ட வெளிநாட்டு உதாரணம் எதற்கு? 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் ஆரம்பித்தார்கள். வட இந்தியாவின் சூழலைத் தாங்கி வளரும் கரும்பு வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் காட்டுக் கரும்பான நாணலோடு நல்ல கரும்பை ஒட்டு சேர்த்தார்கள். 1918-இல் கோ 205 என்ற கரும்பு ரகம் வெளிவந்தது. நம் ஊர் மண்ணில் நடந்தது அது.

பணமே இல்லை என்று கையை விரிக்கவும் முடியாது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாடு செலவழிப்பது 2020-21 கணக்குப்படி 0.64 சதவீதம்தான், அது கொடுமைதான். ஆனாலும் ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்த செர்ப் வாரியம் இருந்த இடத்தில் 2023-ஆம் வருடச் சட்டப்படி ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி அமைப்பு வந்திருக்கிறது. 2023-28 ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி என்று திட்டம், அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டியது. பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஆராய்ச்சியை வளர்ப்பது அதன் வேலைகளில் ஒன்று என்றே சொல்லியிருக்கிறார்கள். கதவு கொஞ்சம் திறந்திருக்கும்போது நாமே குப்பையை அனுப்பி நம் கல்லூரிகளின் பெயரைக் கெடுத்துக்கொண்டால் யாரை நோவது?

நிர்வாகத்தில் இருப்பவர்களைக் கேட்கிறேன். வருடத்துக்கு ஐந்து விண்ணப்பம் போதும். எழுதுகிறவருக்கு மூன்று மாதம் கொடுங்கள், வாரத்துக்கு ஒரு வகுப்பைக் குறையுங்கள். அனுப்பும் முன் வேறு துறையைச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்து, எங்கே புரியவில்லை என்று கோடு போடச் சொல்லுங்கள். நிராகரிப்புக் குறிப்பு வந்தால் ஃபைலில் போட்டுப் பூட்டாதீர்கள், எழுதியவர் கையில் கொடுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. வந்த பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கணக்குப் பிரிவு நேரத்துக்குக் கொடுக்கட்டும், அது இல்லாமல் அடுத்த தவணை வராது. கிணறு கிணறாக இறங்கித் தண்ணீர் எடுத்தவர் பெயர்தான் முதன்மை ஆய்வாளர் இடத்தில் இருக்க வேண்டும். அதில் உங்கள் பெயரை எழுதாதீர்கள்.