நாகர்கோவில் சூட்டுக்கு இரண்டு மணி நேரம் அதிகம்
பீட்சா மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து இரண்டு மணி நேரம் மூடி வைத்தால்தான் பொங்கும் என்று உங்கள் கட்டுரையில் இருப்பது குளிர்தேசத்துக் கணக்கு, எங்கள் நாகர்கோவிலில் சித்திரை மாத அடுக்களைக்கு அது ஒத்து வராது. நீங்கள் சொன்னபடி அரைக் கிலோ மைதாவுக்கு 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போட்டால் இங்கே முக்கால் மணி நேரத்திலேயே இரண்டு மடங்காகிவிடும், அப்புறமும் விட்டால் புளித்த வாடை அடிக்கும், பரத்தும்போது கிழியவும் செய்யும். 2 கிராம் தாராளம். தண்ணீரும் வெதுவெதுப்பாக வேண்டாம், பானைத் தண்ணீரே போதும். எங்கள் பக்கம் ஆப்ப மாவுக்கு ஈஸ்ட் போடுகிறவர்கள் ஆடிச் சாரலில் கொஞ்சம் கூட்டியும் பங்குனி வெயிலில் குறைத்தும்தான் போடுவார்கள், அதே கைக்கணக்கு இதற்கும் செல்லும். மேலே கருத்து எழுதிய ஒருவர் சீக்கிரம் பொங்க மாவை வெயிலில் வைக்கச் சொல்லியிருக்கிறார், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மேல்பக்கம் காய்ந்து ஆடை கட்டிக்கொள்ளும், உள்ளே நசநசவென்று இருக்கும். அதற்குப் பதில் ராத்திரியே பிசைந்து, எண்ணெய் தடவிய டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்வதால் ருசியும் கூடும், மறுநாள் சாயங்காலம் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கையாலேயே பரத்தலாம். மழைக்காலமென்றால் மைதாவே ஈரம் இழுத்திருக்கும், அதனால் அரைக் கிலோவுக்கான 300 மில்லி தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றாமல் கடைசிக் கால் பங்கை மட்டும் பார்த்துப் பார்த்து விடுங்கள்.