பழி சுமக்கும் பயிற்சியாளர்

கூடைப்பந்து அணி தோற்ற மறுகணமே, பந்து வளையத்தில் விழாததற்கும் சேர்த்துப் பயிற்சியாளரையே குற்றம் சொல்லும் ரசிகர்களோடு பேசி மாளவில்லை. எவரை எப்போது இறக்குவது, ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் டைம் அவுட்டை எந்த நேரத்தில் கேட்பது என்பவற்றுக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால், தடுக்க ஆளே இல்லாத இடத்தில் நின்று எறிந்தும் தவறவிடும் வீரருக்காக அவர் என்ன செய்துவிட முடியும்? 2020இல் லேக்கர்ஸ் அணிக்கு, வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் பட்டத்தை வென்று தந்த பயிற்சியாளர் ஃபிராங்க் வோகல் 2022இல் நீக்கப்பட்டார். 2021இல் பக்ஸ் அணிக்கு அதே பட்டத்தைப் பெற்றுத் தந்த மைக் புடன்ஹோல்சருக்கு 2023இல் அதே கதி. வென்றால் நட்சத்திர வீரரின் திறமை, தோற்றால் பயிற்சியாளரின் மடமை என்று கணக்கெழுதுகிறவர்கள், அந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போட்ட பொது மேலாளரின் பெயரை மட்டும் (அவர் ஆடுகளத்தோரம் நிற்பதில்லை அல்லவா) மறந்தும் உச்சரிப்பதில்லை.