இருமலை மட்டும் நம்பினால் போதாது
இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர்களுக்குச் சளிப் பரிசோதனை செய்தாலே காசநோயைப் பிடித்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தியாவில் 2019-21இல் நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் கண்டுபிடிக்கப்படாமலே போயிருப்பார்கள். என் பெரியப்பா சர்க்கரை நோயாளி. இருமல் பெரிதாக இல்லை. எடை குறைந்துகொண்டே வந்தது, சாயங்காலமானால் லேசான காய்ச்சல். சர்க்கரையால்தான் இளைக்கிறார் என்றே டாக்டர் சொன்னார். வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில்தான் சந்தேகம் வந்தது, அப்புறம் சளியைச் சோதித்து உறுதி செய்தார்கள். கிராமத்தில் எக்ஸ்ரேவுக்கு எங்கே போவது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் தூக்கிச் செல்லும் கருவிகள் இப்போது முகாம்களுக்கே வருகின்றன. சர்க்கரை நோயாளிகளும் வீட்டில் காசநோயாளி உள்ளவர்களும் தயவுசெய்து இருமல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.