பார்டோக்கும் எங்கள் வீட்டு அப்பத்தாவும்

மகள் தொடக்கநிலை 5. பியானோ கிரேடு தேர்வுக்காக இரண்டு மாதமாக ஒரே உருப்படியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பெலா பார்டோக் எழுதியது, ஒரு பக்கம்கூட வராது. சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும். போன வாரம் திடீரென்று கேட்டாள்: "அப்பா, பார்டோக்னா யாரு? ஆம்பளையா, பொம்பளையா?" வகுப்பில் எந்த விரல் எங்கே, எந்த இடத்தில் மெதுவாக, எங்கே அழுத்தி என்றெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாதே!

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1904 கோடைக்காலம். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்குக்கு 23 வயது. நல்ல பியானோ கலைஞர், ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் மாதிரி பிரம்மாண்டமாக எழுத வேண்டும் என்ற வெறி. அன்றைய ஹங்கேரியின் வடக்கே ஒரு கிராமத்து வீட்டில் தங்கியிருக்கும்போது, அங்கே வேலைக்கு இருந்த டிரான்சில்வேனியப் பெண் ஒருத்தி, லிடி டோசா என்று பெயர், குழந்தையைப் பார்த்துக்கொண்டே ஏதோ பாடுகிறாள். இவர் காதில் விழுகிறது. ஹங்கேரிய இசை என்று நகரத்தில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஜிப்சி பேண்டு சங்கீதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உட்கார வைத்துப் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார். அதன் பிறகு மனிதர் வீட்டில் தங்கவில்லை. பாட்டைப் பதிவுசெய்யும் எடிசன் ஃபோனோகிராஃபையும் அதற்கான மெழுகு உருளைகளையும் தூக்கிக்கொண்டு, நண்பரும் இசையமைப்பாளருமான கோடாயும் தானுமாக ஊர் ஊராக அலைந்தார்கள். 1906லேயே 20 பாட்டுகளைப் பியானோ துணையோடு அச்சிட்டுவிட்டார்கள். அந்தப் பழைய பாட்டுகள் பலவும் ஐந்தே சுரத்தில் நிற்பவை, நம் சுத்த தன்யாசி ராகத்தில் வருகிற அதே ஐந்து. என் மகள் வாசிக்கும் உருப்படி இருக்கிற தொகுப்பு, 1908, 1909 வாக்கில் குழந்தைகளுக்கென்று அவர் எழுதியது, அத்தனையும் கிராமத்து மெட்டு. அதாவது என் மகள் தேர்வுக்கு வாசிப்பது யாரோ ஒரு விவசாயி வீட்டுப் பாட்டு.

நமக்கோ இசையமைப்பாளர் என்றாலே நிலா, காதல் தோல்வி, ஜன்னல் ஓரம், அப்படியே வானத்திலிருந்து மெட்டு இறங்கும். எனக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. அந்தக் காலத்து ஆட்களில் எனக்குப் பிடித்தவர்கள் எல்லாம் காதைத் தீட்டி வைத்திருந்தவர்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 1889ல் பாரிஸ் கண்காட்சியில் ஜாவாக்காரர்களின் கமெலான், அதாவது வெண்கல மணிகளும் தட்டுகளுமாகச் சேர்ந்து ஒலிக்கும் வாத்தியக் குழு, கேட்டு அசந்துபோனார், 1903ல் எழுதிய பியானோ உருப்படியில்கூட அந்த மணிச்சத்தம் அடங்கவில்லை. ஜாவா நமக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. நம்மில் எத்தனை பேர் கமெலானை நின்று கேட்டிருக்கிறோம்? (நான் ஒருமுறை, அதுவும் மழைக்கு ஒதுங்கியபோது.)

ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் இன்னும் வேடிக்கை. லண்டனில் பெண்கள் பள்ளியில் 1905லிருந்து 1934ல் சாகும்வரை பாட்டு வாத்தியார். ரிக் வேத மொழிபெயர்ப்புகள் திருப்தியாக இல்லை என்று தானே சமஸ்கிருதம் கற்கப் போனவர். அவருடைய 'கிரகங்கள்' என்ற இசைத் தொகுப்பு விண்வெளியைப் பற்றியது என்று நினைக்கிறோம். இல்லை, அது ஜோசியம்! நண்பர்களுக்கு ஜாதகம் கணித்துக் கொடுப்பார் மனிதர்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதவர் யானாச்செக். செக் நாட்டு இசையமைப்பாளர், பிர்னோ நகரில் இருந்தவர். தெருவில், சந்தையில் யார் பேசினாலும் அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் குறிப்பேட்டில் சுரமாக எழுதிக்கொள்வார். நம் ஊர் அக்கா "என்னாஆஆ?" என்று இழுப்பாரே, அது கோபமா கிண்டலா என்பது இழுவையில்தானே இருக்கிறது, அதைத்தான் அவர் பிடித்தார். 1903 பிப்ரவரியில் மகள் ஓல்கா 20 வயதில் படுக்கையில் கிடந்து இறந்துபோகிறாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கடைசிச் சொற்களையும், கடைசி மூச்சின் முனகலையும் சுரப்படுத்தி எழுதியிருக்கிறார். இதை முதலில் படித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. இப்போதும் முழுசாக ஏற்க முடியவில்லை. பெற்ற மகள் போகும்போது பென்சில் எடுக்க எப்படிக் கை வந்தது? என் மனைவி வேறு மாதிரி சொன்னாள், "நீங்க போட்டோ எடுக்க மாட்டீங்களா, அவருக்குத் தெரிஞ்சது அது." சரி, இருக்கலாம். ஓல்காவின் நினைவுக்கென்று அவர் கொடுத்த 'யெனூஃபா' ஆபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகம், 1904ல் பிர்னோவில் அரங்கேறியது. தலைநகர் பிராகா அதை ஏற்றுக்கொள்ள இன்னும் 12 வருடம். அப்போது அவருக்கு வயது 61. பெரிய பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். நாளிதழில் வந்த நரிக்குட்டிப் படக்கதையைப் பார்த்து வீட்டு வேலைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் ஒரு முழு ஆபராவுக்கே யோசனை வந்தது. இங்கேயும் வேலைக்காரப் பெண்தான், பாருங்கள்.

கதையெல்லாம் கேட்டதும் மகளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு என் அம்மாவிடம் போய், "அப்பத்தா, பழைய பாட்டு ஒண்ணு பாடுங்க, ரெக்கார்டு பண்ணணும்" என்றாள். அம்மா சிவகங்கைப் பக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டு எம்ஜிஆர் படப் பாட்டை ஆரம்பித்தார். "இது இல்ல அப்பத்தா, இதுக்கும் முன்னாடி." உடனே திருப்புகழ். "சாமிப் பாட்டு வேணாம்." "அப்ப எனக்கு வேற என்னடி பாட்டுத் தெரியும், போ."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 1907ல் டிரான்சில்வேனியாவில் பார்டோக் ஒரு கிராமத்துப் பெண்ணிடம் இதே பாடுதான் பட்டார். இவர் பழைய பாட்டு கேட்க, அந்த அம்மா தேவாலயப் பாட்டிலேயே வந்து நிற்க, அதை அப்படியே நாடகம் மாதிரி எழுதித் தான் காதலித்த வயலின் கலைஞருக்குக் கடிதமாக அனுப்பினார்.

கடைசியில் அம்மா சமையலறையில் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டே, யாரும் கேட்காதபோது, மாமன் அடிச்சானோ என்று ஒரு தாலாட்டை முணுமுணுத்தார். மகள் ஓடிப்போய் போனை நீட்டுவதற்குள் நிறுத்திவிட்டார். பதிவில் இருப்பது அரை வரி, மிச்சமெல்லாம் புகைபோக்கி விசிறிச் சத்தம். அந்த அரை வரியைத்தான் இப்போது பியானோவில் தேடிக்கொண்டிருக்கிறாள், ஒரு சுரம் மட்டும் கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்கிறாள். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்.