1952-இல் வுகோவிச்சுக்கு உடைந்தது எஞ்சின் இல்லை

அமெரிக்க கார் பந்தய ஓட்டுநர் பில் வுகோவிச் பற்றிய கட்டுரையில், 1952 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் (மொத்தம் 200 சுற்று) அவர் 'எஞ்சின் கோளாறால்' வெற்றியை இழந்தார் என்றிருக்கிறது. அது சரியல்ல. உடைந்தது ஸ்டீயரிங் இணைப்பில் இருந்த ஒரு சிறிய பின். 150 சுற்றுகள் முன்னணியில் ஓடியவர், முடிய ஒன்பதே சுற்று இருக்கும்போது திருப்ப முடியாமல் போய், வெளிச்சுவரில் காரை உரசி உரசியே நிறுத்தினார். யார் மீதும் மோதவில்லை. டிராய் ரட்மேன் ஜெயித்தார்.

அன்று அவர் ஓட்டிய கர்டிஸ் கிராஃப்ட் 500ஏ காரைப் பற்றி இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம். நான்கு சிலிண்டர் ஆஃபன்ஹவுசர் எஞ்சினை 36 டிகிரி சாய்த்து வைத்தார்கள். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் ஓட்டுநரின் அடியில் போகாமல் இடப்பக்கமாகப் போனதால் இருக்கையைத் தாழ்த்த முடிந்தது. கார் முழுவதும் தணிந்தது. வளைவில் பிடிமானம் கூடியது. அந்த எஞ்சினில் ஹெட்டும் (மேல்மூடி) பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள உடல்) ஒரே வார்ப்பு, ஆகவே இரண்டுக்கும் நடுவே வைக்கும் ஹெட் கேஸ்கெட் போகும் பேச்சே இல்லை.

1953-இல் 200 சுற்றில் 195 சுற்று அவரே முன்னணி. வெயில் தாங்காமல் பலர் பாதியில் மாற்று ஓட்டுநரை ஏற்றினார்கள். கார்ல் ஸ்கார்பரோ வெப்பத்தால் இறந்தே போனார். வுகோவிச் கடைசிவரை தனியாகவே ஓட்டினார். 1954-இல் 19-ஆவது இடத்தில் கிளம்பி மறுபடி ஜெயித்தார்.

அவர் உயிரிழந்த 1955 பந்தய விபத்தையும் 'அதிவேகத்தால்' என்று கட்டுரையில் எழுதியிருப்பது அநியாயம். முன்னே சென்ற இன்னொரு ஓட்டுநர் ராட்ஜர் வார்டின் காரில் அச்சு முறிந்து கார் புரண்டது. விலகிய கார்கள் வழியை அடைத்துவிட்டன. 57-ஆவது சுற்றில் முன்னணியில் வந்த வுகோவிச்சுக்கு ஒதுங்க இடமே இல்லை. தயவுசெய்து இரண்டையும் திருத்துங்கள்.