ஒருவருக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது

கதையிலோ சினிமாவிலோ உங்களை ரொம்ப அழவைத்த இடம் எது என்று யாரைக் கேட்டாலும் முக்கால்வாசிப் பேர் ஒரு சாவைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாவு அழவைக்கும், சரி. ஆனால் மனசில் தங்கி அரித்துக்கொண்டே இருக்கிற இடம் பெரும்பாலும் சாவுக்குக் கொஞ்சம் முன்னாலோ, ரொம்பப் பின்னாலோதான் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடை போடுகிறவர்கள் எல்லாரும் பிடித்துக்கொள்வது கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரசவையில் நிற்கிற காட்சியை. அங்கே எனக்கு அழுகை வருவதில்லை, முதுகு நிமிர்கிறது. அழுகை வருவது அதற்கு முன்னால், கொலைக்களக் காதையில். மதுரைக்கு வெளியே, மாதரி ஒதுக்கிக் கொடுத்த வீடு. இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த கணவனுக்குக் கண்ணகி சமைக்கிறாள். காய் நறுக்கி விரல் சிவக்கிறது, அடுப்புச் சூட்டில் முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. வாழைக் குருத்தில் பரிமாறுகிறாள். சாப்பிட்டு முடித்தவனுக்கு வெற்றிலை பாக்கு மடித்துத் தருகிறாள். அப்புறம் அவன் ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு, விற்று வருகிறேன், கலங்காதே என்று சொல்லிக் கிளம்புகிறான். வழியில் ஒரு காளை எதிரே பாய்ந்து வருகிறது. அது கெட்ட சகுனம் என்று அவனுக்குத் தெரியாது.

இளங்கோவுக்குத் தெரியும். நமக்குத் தெரியும். காதையின் பெயரிலேயே கொலைக்களம் இருக்கிறது. அந்த வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது. அந்த அடுப்பு, அந்த இலை, அந்த வெற்றிலை எல்லாம் தாங்கமுடியாமல் போவது அதனால்தான். காளை வராவிட்டாலும் எனக்குப் போதும்.

யோசித்துப் பார்த்தால் நம்மைப் பிழிந்தெடுத்த காட்சிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். ஒருவருக்குத் தெரிந்திருக்கும், பக்கத்தில் இருக்கிற இன்னொருவருக்குத் தெரியாது. நடுவில் இருக்கிற அந்த இடைவெளிதான் சோகம்.

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982இல் வந்தது. அதன் கடைசிக் காட்சியை விவரிக்கவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். விபத்தில் நினைவு போய்க் குழந்தையாகிவிட்ட பெண்ணை அவன் அப்படிப் பார்த்துக்கொண்டான். அவளுக்கு நினைவு திரும்புகிறது. இடையில் இருந்த காலம் மொத்தமாக அழிந்துபோகிறது, அவனும் சேர்ந்துதான். ரயில் ஜன்னலில் அவள். மழை. பிளாட்பாரத்தில் விழுந்து எழுந்து, அவளைச் சிரிக்கவைத்த அதே குரங்கு வேடிக்கைகளைச் செய்து காட்டுகிறான். யாரோ பைத்தியக்காரப் பிச்சைக்காரன் என்று நினைத்துச் சாப்பாட்டைத் தூக்கிப் போடுகிறாள். இங்கே யாரும் சாகவில்லை. யாரும் கெட்டவர் இல்லை. அவள் செய்தது இரக்கம்கூட. அதுதான் கொடுமை.

சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ 1931இல் வந்தது. அதிலும் ஏறக்குறைய இதே காட்சிதான். பார்வையில்லாத பூக்காரிக்குக் கண் சிகிச்சைக்குப் பணம் கொடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போய்வந்த நாடோடி, கந்தலோடு அவள் எதிரே நிற்கிறான். அவளுக்கு இப்போது பார்வை வந்துவிட்டது, ஆனால் யாரென்று தெரியவில்லை. இரக்கப்பட்டு ஒரு பூவும் காசும் கொடுக்கிறாள். காசைத் திணிக்கும்போது அவன் கை தட்டுப்படுகிறது. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கை தொட்டது, இன்னொரு கை தொடவில்லை. ஜன்னலிலிருந்து வீசாமல் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விட்டேத்தியாக யோசித்ததுண்டு. பாலு மகேந்திரா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கிரேக்கக் கவிஞர் ஹோமர் இதை ஒரு நாயை வைத்தே முடித்துவிடுகிறார். இருபதாவது வருஷம் பிச்சைக்காரன் வேஷத்தில் வீடு திரும்பும் ஒடிசியஸை, குப்பை மேட்டில் கிடக்கிற அவனுடைய பழைய நாய் ஆர்கோஸ் அடையாளம் கண்டுகொள்கிறது. வாலை ஆட்டுகிறது, எழுந்து வரத் தெம்பில்லை. அவனாலும் கிட்டே போக முடியாது, போனால் வேஷம் கலைந்துவிடும். கூட வருகிறவனுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடக்கிறான். நாய் செத்துப்போகிறது. நாற்பது வரிகூட வராது.

சரி, இதெல்லாம் கதை. வாழ்க்கையில் என்ன ஆகிறது?

வாழ்க்கையில் நமக்கு முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. கதையில் கொலைக்களம் என்று தலைப்புப் போட்டுவிட்டுச் சாப்பாடு பரிமாறுவார்கள். நம் வீட்டில் சாப்பாடு மட்டும்தான் இருக்கும், தலைப்பு அப்புறம் வரும். அப்பாவோடு நான் கடைசியாகப் பேசியது கரண்ட் பில்லைப் பற்றி. “கட்டிட்டியா?” “கட்டியாச்சுப்பா.” “சரி, வெச்சுடறேன்.” எந்த எழுத்தாளனும் கடைசி வசனமாக இதை எழுத மாட்டான். எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார்.

அதைவிட முக்கியமான விஷயம், நிஜச் சாவில் நிறைய வேலை இருக்கிறது. சினிமாவில் சாவு வந்தால் பார்க்கிறவனுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஆஸ்பத்திரியில் அப்படியா? ஆதார் அட்டை நகல் கேட்பார்கள். எங்கே கையெழுத்து என்று இன்ட்டு குறி போட்டுக் காட்டுவார்கள். யாருக்கெல்லாம் போன் பண்ண வேண்டும், யாருக்கு முதலில் சொல்லாவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வரும் என்று மூளை தன்பாட்டுக்குக் கணக்குப் போடும். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ எனக்கு அவ்வளவு பிடிப்பது இதனால்தான். அந்தக் கதை தொடங்கும்போதே அவள் மூச்சு அடங்கிவிட்டது. பிரமநாயகம் பிள்ளை மாரில் அடித்துக்கொண்டு அழவில்லை. ஆகவேண்டியதைப் பார்க்கிறார். கல்நெஞ்சம் என்று நினைப்பவர்கள் இன்னும் ஒரு சாவையும் முன்னால் நின்று நடத்தாதவர்கள்.

அப்பா போன அன்று நானும் அழவில்லை. அவருடைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வாட்ச், கண்ணாடி, பர்ஸ், ஹியரிங் எய்ட். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் மெல்லிசாக ‘கீ...’ என்று ஒரு சத்தம். டிரைவர் ஏசியைக் குறைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. போனா என்று பார்த்தேன், இல்லை. கவருக்குள்ளிருந்து வந்தது. ஹியரிங் எய்டை யாரும் ஆஃப் பண்ணவில்லை. அந்தக் கருவி ஆன் ஆகியிருக்கும்போது எதிலாவது மூடிக்கொண்டால் இப்படித்தான் விசில் அடிக்கும். ராத்திரி கழற்றி வைக்கும்போது அப்பா அடிக்கடி மறந்துவிடுவார், அலமாரிக்குள்ளிருந்து கீ கீ என்று கத்தும், “பேட்டரி வீணாப் போகுதுப்பா” என்று யாராவது எழுந்துபோய் அணைப்போம். பேட்டரி வைக்கிற சின்னக் கதவை நகத்தால் திறந்தால் போதும், நின்றுவிடும். எத்தனையோ ராத்திரி செய்த வேலை. காரில் அந்தக் கதவைத் திறக்க என் விரலுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கேட்க வேண்டியவர் இல்லாமல் அது மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கும் தெரியாது.

நண்பர் ஒருவரின் அம்மாவுக்கு ஞாபக மறதி நோய். கணவர் இறந்து நாளாகிவிட்டது, அந்த அம்மாவுக்கு அது மனசில் நிற்கவில்லை. சாயங்காலமானால் “அவர் இன்னும் வரலையே” என்று வாசலைப் பார்ப்பார். ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் தாலி அறுந்த மாதிரி அழுகை. அரை மணியில் மறந்துபோகும், மறுபடியும் வாசல். கடைசியில் வீட்டில் எல்லாரும் ஒரே பதிலுக்கு வந்தார்கள்: “வந்துட்டிருக்காரும்மா, வழியில இருக்கார்.” இப்போது அந்த அம்மா நிம்மதியாக இருக்கிறார். தினமும் அதைச் சொல்கிற மகள்தான் ஒவ்வொரு சாயங்காலமும் அப்பாவை இழக்கிறாள். பொய் சொல்வது தப்பில்லையா என்று நண்பர் என்னிடம் கேட்டார். எனக்கு அது பொய்யாகவே படவில்லை. அறியாமல் இருப்பது சில சமயம் பாக்கியம், அதற்கான விலையைப் பக்கத்தில் இருப்பவர் கொடுக்கிறார்.

அப்புறம், சோகம் என்றாலே இழப்பு என்று சுருக்கிக்கொள்வதும் சரியில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. வரிசையைக் கவனியுங்கள். பிறர் இகழ்ந்து நாம் சிறுத்துப்போவதை முதலில் வைத்திருக்கிறார், இழப்பு இரண்டாவது. முன்பு இருந்த நிலை கெட்டுத் தாழ்வதும் இல்லாமையும் அப்புறம். செய்யுள் ஓசைக்காக அப்படி அமைந்திருக்கலாம், இருந்தாலும் எனக்கு அந்த வரிசை பிடித்திருக்கிறது. “உன் வாழ்க்கையிலேயே ரொம்ப வேதனையான நேரம் எது?” என்று நெருங்கியவர்களிடம் பேச்சு வாக்கில் கேட்டிருக்கிறேன். சாவைச் சொன்னவர்களுக்குச் சமமாக வேறொன்றைச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஃபீஸ் கட்ட இன்னும் பத்து நாள் டைம் கொடுங்கள் என்று அப்பா யாரிடமோ கைகட்டி நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தது. வீட்டில் புலி மாதிரி இருந்த மனுஷன் “சரிங்க சார், சரிங்க சார்” என்று சொன்னது. வெளியே வந்து பையனைப் பார்த்ததும் “என்னடா, கிளாஸுக்குப் போகலையா?” என்று அதட்டியது. பையன் பார்த்துவிட்டான் என்று அந்த அப்பாவுக்குத் தெரியாது. மறுபடியும் அதே இடைவெளி.

துக்கத்தை எடைபோடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். “நாய்க்குப் போய் இப்படி அழறியா”, “சினிமாவுக்கெல்லாமா அழுவாங்க” என்பார்கள். எஜமானர் 1925இல் இறந்த பிறகும் ஜப்பானின் ஷிபுயா ஸ்டேஷனில் ஹச்சிகோ என்ற நாய் 1935 வரை காத்திருந்தது. அந்த நாய்க்குச் சிலை வைத்த ஊர்க்காரர்கள் அறிவில்லாதவர்களா? சொந்தத் துக்கத்தில் அழ நேரம் கிடைக்காதவன் தியேட்டர் இருட்டில் யாரோ ஒருத்திக்காக அழுதால், அது பழைய பாக்கி. வட்டியோடு கட்டுகிறான்.

சில சோகங்களைக் கலையிலும் தாங்க முடிவதில்லை, வாஸ்தவம்தான். ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தில் மன்னரின் மகள் கார்டீலியா செத்துப்போவதைப் பொறுக்காமல் நாஹும் டேட் என்பவர் 1681இல் அவளைப் பிழைக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேடையில் அந்த முடிவுதான் ஓடியது. ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் அந்தச் சாவைப் படித்து அதிர்ந்துபோய், பின்னால் பதிப்பாசிரியராகத் திருத்த வேண்டி வரும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பத் தொடவில்லை. ஜான்சன் செய்தது எனக்குப் புரிகிறது. டேட் செய்தது புரியவில்லை. படிக்க முடியாவிட்டால் மூடி வைக்கலாம், அவளை ஏன் மாற்ற வேண்டும்?

ஆனால் என்னைக் கேட்டால், உலகக் கதைகளிலேயே ரொம்பச் சோகமானது 1886இல் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் எழுதிய ஒரு சின்னக் கதை. வண்டிக்காரர் அயோனாவின் மகன் அந்த வாரம்தான் இறந்திருக்கிறான். பனி கொட்டுகிறது. வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லப் பார்க்கிறார். ஒருவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். இன்னொருவர், நாம் எல்லாரும் சாகப்போகிறவர்கள்தான், வண்டியை வேகமாக ஓட்டு என்கிறார். அயோனாவுக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. மகனுக்கு எப்படி உடம்புக்கு வந்தது, என்ன சொன்னான், எப்படிப் போனான், அவன் துணிகளை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனது எப்படி, இதையெல்லாம் நிதானமாக, வரிசையாக ஒருவரிடம் சொல்ல வேண்டும். கடைசியில் தன் குதிரையிடம் சொல்கிறார்.

எல்லாரும் சாகப்போகிறவர்கள்தான் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அப்பா போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் என்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான், நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “கடைசி நாள் என்ன நடந்தது, முதல்லேருந்து சொல்லுப்பா” என்றார். சொன்னேன். கரண்ட் பில், கையெழுத்து, கவர், கார், கீ கீ சத்தம் வரைக்கும். நடுவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் காதில் அதே கருவி போடுகிறவர்தான். முடித்ததும் அதைக் கழற்றிக் காட்டி, அப்பா எந்த மாடல் வைத்திருந்தார், பேட்டரி எத்தனை நாள் வந்தது என்று விசாரித்தார். அதைப் பற்றியும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.